வலியும் விதியா?

"வலிக்காமல் பிள்ளை பிறக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? இடுப்புவலி கண்டு துடிக்கும் பெண்ணிடம் மாமியார் கேட்பாள். பெற்ற தாயும் கேட்பாள். பிரசவ அறையிலே நிற்கும் ஆயா கேட்பாள், அதுவும் சற்றுக் கடுகடுப்போடு. பார்வைக்குத்தான் அது கேள்வி. உண்மையில் அது தீர்ப்பு! பெண்ணாகப் பிறந்தாய், பிள்ளை சுமந்தாய், ஆகவே கதறு — இதுதான் அந்தத் தீர்ப்பின் வாசகம். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லாத தீர்ப்பு!

நாம் கேட்கிறோம்: எந்தச் சட்டப் புத்தகத்திலே எழுதியிருக்கிறது இந்தத் தீர்ப்பு?

பாம்பன் கரையிலே, தங்கச்சிமடத்துக் கரையிலே, மண்டபத்துக் கரையிலே, ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி நடக்கிறவன் காலில் சில வேளை திருக்கை முள் ஏறிவிடுகிறது. பட்டவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. ஆறடி ஆண்பிள்ளை, அலையோடு மல்லுக்கட்டிப் பழகியவன், மணலில் புரண்டு அலறுவான். என்ன செய்ய வேண்டும்? பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், காலை அமிழ்த்தி வைக்க வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் வலி தணிகிறது. திருக்கையின் நஞ்சு ஒருவகைப் புரதம், சூடு பட்டால் சிதைந்துவிடும் என்று அதற்குக் காரணமும் சொல்கிறது மருத்துவம். (முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவை, ஆகவே வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வேண்டும்.)

அந்த மீனவனைப் பார்த்து எவராவது, "கடலுக்குப் போகிறவனுக்கு வலி உடன்பிறந்தது, பொறுத்துக்கொள், பொறுத்தால்தான் நீ ஆண்மகன்" என்று சொன்னதுண்டா? வெந்நீர் வைத்துக் கொடுக்க மறுத்ததுண்டா? இல்லையே! அவன் வலி, வலி. அவன் வீட்டுக்காரியின் வலி மட்டும் கடமையாம், பெருமையாம், புனிதமாம்!

அந்த வீட்டுக்காரி யார் என்பதையும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்குகிறாளே, பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறாளே, அவள்தான். வலிக்கு அஞ்சி ஓடும் கோழையல்ல அவள். அவளுக்கு வலியைத் தாங்கத் தெரியும். தாங்கத் தெரிந்தவளைத் தாங்கு தாங்கு என்று விட்டுவிடுவது என்ன நியாயம் என்பதுதான் நமது கேள்வி.

இராணிக்கு வலித்தபோது

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. கில்பர்ட் அபாட் என்ற இளைஞனின் கழுத்திலிருந்த கட்டியை அறுக்க வேண்டும். அறுப்பவர் ஜான் வாரன். அவர் கத்தியை எடுக்குமுன், பல் வைத்தியரான வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை அந்த இளைஞன் சுவாசிக்கும்படி செய்தார். அதுவரையில் அறுவை என்றால் நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடிப்பார்கள். டாக்டரின் திறமை அவர் கை வேகத்தில் இருந்தது. எத்தனை நிமிடத்தில் காலை வெட்டி எடுத்தார் என்று கணக்குப் பார்த்த காலம் அது. அன்று அந்த அறையில் அலறல் எழவில்லை.

செய்தி எவ்வளவு வேகமாகப் பரவியது பாருங்கள்! சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். கடலடித் தந்தி போடப்படாத காலம். இருந்தும் 1847 மார்ச் 22-ஆம் நாள் கல்கத்தாவில் ஈதர் மயக்கத்தில் அறுவை நடந்துவிட்டது. ஓஷாகனசி என்ற டாக்டரின் மேற்பார்வையில் நடந்தது. பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐந்தே மாதம்! கல்கத்தாவிலிருந்து கடலோரத்துக் குடிசைக்கு வர எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற கணக்கைப் பிறகு பார்ப்போம்.

அதே 1847-இல், ஜனவரி மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மகப்பேற்று மருத்துவர் பிள்ளைப்பேற்றுக்கு ஈதரைப் பயன்படுத்தினார். நவம்பரில் ஈதரை விட்டுக் குளோரோஃபார்முக்கு மாறினார். கிளம்பியது எதிர்ப்பு! வேதனையில்தான் பெண் பிள்ளை பெற வேண்டும் என்று வேதப் புத்தகம் விதித்திருக்கிறது, அதை மாற்ற நீ யார் என்று கேட்டனர் சிலர். சிம்ப்சன் சும்மா இருக்கவில்லை. அதே வேதப் புத்தகத்தை விரித்தார். ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் ஆண்டவனே அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தவில்லையா என்று திருப்பிக் கேட்டார். ஆணுக்கு முதலில் மயக்கம் கொடுத்தவனே ஆண்டவன்தான் என்றால், பெண்ணுக்குக் கொடுப்பது எப்படிப் பாவமாகும்?

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பாதிரிமார்தான் முழுக்க முழுக்க எதிர்த்தார்கள் என்று கதை கட்டிச் சொல்வதுண்டு. அது அத்தனை சரியல்ல. டாக்டர்களே பலமாக எதிர்த்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த சார்லஸ் மெய்க்ஸ் என்ற பெரிய மகப்பேற்றுப் பேராசிரியர், பிரசவ வலி இயற்கையானது, அதை நீக்குவதுதான் தவறு என்று வாதாடினார். மதத்தின் பெயரால் சொன்னாலென்ன, இயற்கையின் பெயரால் சொன்னாலென்ன? படுத்துக் கிடந்தவள் வேறொருத்தி!

1591-இல் இதே எடின்பரோவில் யூபேம் மக்கால்சியன் என்ற சீமாட்டியைச் சூனியக்காரி என்று எரித்தார்கள். அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, பிரசவ வலி குறைய உதவி தேடினாள் என்பது. எரித்த ஊரிலேயே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், குளோரோஃபார்ம் மயக்கம் பிறந்தது.

எதிர்ப்பு எப்போது அடங்கியது? விக்டோரியா மகாராணிக்கு வலித்தபோது! 1853 ஏப்ரல் 7. எட்டாவது பிள்ளை லியோபோல்டு பிறந்தபோது, ஜான் ஸ்நோ என்ற டாக்டர் கைக்குட்டையில் குளோரோஃபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டு 53 நிமிடம் கொடுத்தார். 1857-இல் அடுத்த பிள்ளைக்கும் அவரே கொடுத்தார். அதற்குப் பிறகு சீமாட்டிகள் எல்லாரும் கேட்டார்கள், கொடுத்தார்கள். அரண்மனையில் வலித்தால் விதியும் வளைந்து கொடுக்கிறது. குப்பத்தில் வலித்தால் விதி விறைத்து நிற்கிறது. இன்றும் அந்த வேறுபாடு ஒழிந்துவிட்டதா? சென்னையிலும் மதுரையிலும் தனியார் மருத்துவமனைகள் 'வலியில்லாப் பிரசவம்' என்று விளம்பரப் பலகை வைக்கின்றன. கட்டணம் கட்டினால் வலி இயற்கையல்ல. கட்ட முடியாவிட்டால் இயற்கை!

இந்த மயக்க மருந்து பயமற்றது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் வடபகுதியில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகத்துக்காக ஓர் உயிர்! குளோரோஃபார்ம் மூச்சை நிறுத்துகிறதா, இதயத்தை நிறுத்துகிறதா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் பெரிய களம் நம் தெற்கேதான், ஐதராபாத்தில் இருந்தது. நிஜாமின் பணத்தில் 1888-இலும் 1889-இலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. எட்வர்டு லாரி என்ற டாக்டர் முன்னின்று நடத்தினார். இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்து கலந்துகொண்டார். மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவு சொன்னார்கள். அது தவறு என்று 1911-இல் லெவி என்பவர் காட்டினார். மயக்கம் அரைகுறையாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று கண்டுபிடித்தார்.

முடிவு தவறானாலும் அந்த ஐதராபாத்துக்கு வேறொரு பெருமை உண்டு. ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணி அங்கே மருத்துவம் படித்து, குளோரோஃபார்ம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டார். உலகில் முறையாகப் படித்த முதல் மயக்க மருந்துப் பெண் மருத்துவர் அவரே என்று சொல்கிறார்கள். அந்தப் பெயர் நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அக்கரையில் ஒரு டாக்டர்

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணம். பாஸ்டனில் ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்ட மறு ஆண்டே, 1847-இல், சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் அங்கே வந்து இறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால்தான் இந்த மக்களுக்குப் பயன்படும் என்று அவருக்குப் பட்டது. மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்' என்று நூல்கள் தமிழில் வெளிவந்தன. அமெரிக்காவிலிருந்து வந்தவர், தமிழ் கற்று, தமிழில் அறுவை மருத்துவம் கற்பித்தார்! நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்று தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கைநாட்டு வைக்கிறவளுக்கும் தெரியாது, அவள் புருஷனுக்கும் தெரியாது. முழு மயக்கமா, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதா, ஆபத்து என்ன, மாற்று என்ன என்று தமிழில் நாலு வரி எழுதிப் படித்துக் காட்ட முடியாதா? கிரீனால் முடிந்ததே!

இக்கரையில் அப்போது நிலை என்ன? திண்டிவனத்தில் ஓரிரவு, ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்த கதை பலருக்கும் தெரியும். அவள் டாக்டரல்ல, டாக்டரான அவள் தந்தையோ ஆண், ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் பிணம். அந்த ஐடா பின்னர் டாக்டராகத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. "நம் பாட்டிமார் எல்லாம் வீட்டிலேயே பெற்றார்களே, எந்த ஊசி போட்டார்கள்?" என்று கேட்கிறவர்கள் இந்த மூவரையும் எண்ணிப் பார்க்கட்டும். பிழைத்த பாட்டிகள்தானே கதை சொல்ல மிஞ்சினார்கள்?

பாலத்துக்கு இப்பால்

இனி நம் கடலோரத்துக் கணக்கு.

பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24. மோட்டார் போகும் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2. இடையில் 74 ஆண்டுகள்! அந்த 74 ஆண்டும் இராமேசுவரம் தீவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால் என்ன வழி? இரயில் வரும் நேரம் வரையில் காத்திருக்க வேண்டும்; இல்லையேல் காற்றையும் நீரோட்டத்தையும் நம்பித் தோணியில் ஏற்ற வேண்டும். 1964 டிசம்பர் 22, 23 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலமும் உடைந்தது. அதைச் சீர்செய்து மீண்டும் இரயில் விட 46 நாட்கள் ஆயின என்று பொறியாளர் ஸ்ரீதரனின் திறமையை இன்றும் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். அந்த 46 நாட்களில் வலி கண்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

மதுரைக்கு மருத்துவக் கல்லூரி 1954-இல் வந்தது. இராமநாதபுரத்துக்கு வந்தது 2022-இல். ஒரே நாளில், ஜனவரி 12-இல், தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. சாலை வந்தது, 2008-இல் 108 வண்டி வந்தது, கல்லூரி வந்தது. மறுக்கவில்லை. இந்தியா முழுவதும் 2018–20 கணக்கில் இலட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 என்று கணக்கு வந்தது; நூற்றுக்குத் 99-க்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. பெருமைப்படத் தக்க எண்கள் இவை. கிராமத்து நர்சுகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உழைத்த உழைப்பின் கூலி.

ஆனால் ஒன்று. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மதுரையோ 170 கிலோமீட்டருக்குக் குறையாது. பிள்ளையின் இதயத்துடிப்பு விழுகிறது, உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், முடிவு செய்ததிலிருந்து அரை மணிக்குள் பிள்ளையை வெளியே எடுப்பது நல்லது என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. அந்த அரை மணியில் யார் வேண்டும்? கத்தி பிடிக்கும் டாக்டர் மட்டும் போதாது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும். அவர் இல்லாமல் மகப்பேற்று மருத்துவர் மட்டும் இருப்பது, வலை இருந்தும் வள்ளம் இல்லாதவன் கரையில் நிற்பதற்கு ஒப்பாகும்.

மயக்க மருந்து டாக்டர் என்றால் ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி போட்டபின்தான் அவர் வேலையே தொடங்குகிறது. இரத்த அழுத்தம் விழுகிறதா, மூச்சு சரியா, இரத்தம் எவ்வளவு போயிற்று என்று கடைசித் தையல் வரையில் அந்த உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இந்த டாக்டர்கள் போதவில்லை என்பது நாடு முழுவதும் உள்ள குறை. அதனால்தான் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர்களுக்கு 18 வாரம் பயிற்சி கொடுத்து, உயிர்காக்கும் பிரசவ அறுவைக்கு மட்டும் மயக்கம் கொடுக்க அனுமதிக்கும் திட்டத்தை அரசாங்கம் கொண்டு வந்தது. நமது மாநிலத்தில் 24 மணி நேரமும் அவசரப் பிரசவம் பார்க்கும் 'சீமாங்' பிரிவுகளும் ஏற்படுத்தப்பட்டன. திட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. பகலில் இருக்கும் டாக்டர் இரவில் இருக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறாரா, ஒருவர் விடுப்பில் போனால் அடுத்தவர் உண்டா என்பதுதான் கடலோரத்தார் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளை அலுவலக நேரம் பார்த்துப் பிறப்பதில்லை!

முதுகில் ஊசி

இன்று வலியைக் குறைக்க என்னதான் வழி இருக்கிறது? சிசேரியனுக்கு இப்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகெலும்பின் நடுவே மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்கிறார்கள். தாய் விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் காதால் கேட்பாள். இந்த முறையை 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற டாக்டர் கொண்டு வந்தார். தன்மேலேயே சோதித்துப் பார்க்கச் சொன்னார்; தன் உதவியாளருக்கும் போட்டார்; இருவருக்கும் நாள் கணக்கில் தலைவலி. அந்தத் தலைவலி இன்றும் சிலருக்கு வருவதுண்டு. ஊசி மிக மெல்லியதாகிவிட்டதால் முன்போல் அத்தனை பேருக்கு வருவதில்லை. வந்தாலும் அதற்கு மருத்துவம் உண்டு.

சுகப்பிரசவத்துக்கு வேறொரு முறை. முதுகுத் தண்டை மூடியிருக்கும் உறைக்கு வெளியே ஒரு நுண்குழாயை வைத்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக மருந்து விடுவது. எபிடியூரல் என்பார்கள். வலி பெரும்பாலும் போய்விடும். பெண் முக்கவும் முடியும். "முதுகிலே ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி" என்று நம் வீடுகளில் ஒரு பயம் வேரூன்றியிருக்கிறது. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நீண்ட நாள் முதுகுவலிக்கு இந்த ஊசி காரணமல்ல என்று தெரிந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு முதுகு வலிக்கத்தான் செய்கிறது. பத்து மாதம் சுமந்த உடம்பு, அடுத்த மாதமே குடம் தூக்குகிற உடம்பு வலிக்காதா? பழியை ஊசிமேல் போட்டுவிடுகிறோம்! மெய்யான குறைகள் வேறு: இரத்த அழுத்தம் தாழலாம், காய்ச்சல் காணலாம், பிள்ளை வெளிவரும் கட்டம் நீளலாம். அதனால்தான் கூடவே ஆள் இருந்து கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலி நீக்கம் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு எபிடியூரல் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. 'கேட்கும் பெண்ணுக்கு' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். வேண்டாம் என்கிறவளுக்குத் திணிப்பதும் அடிமைத்தனமே.

அத்தனை மயக்க மருந்து டாக்டர்களுக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். இருக்கும் ஒருவரை ஒரு கட்டிலருகே மணிக்கணக்கில் நிறுத்திவிட்டால், அறுவை அறையில் யார் நிற்பது? ஆகவே சிறியதிலிருந்து தொடங்கலாம். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு ஒன்று 1961 முதல் இங்கிலாந்தில் வழங்குகிறது. முகமூடியை அந்தப் பெண்ணே கையில் பிடித்து, வலி எழும்போது இழுத்துக்கொள்வாள். மயக்கம் மீறினால் கை தானே தளர்ந்து முகமூடி விழுந்துவிடும், அதுவே காவல். அங்கே மருத்துவச்சிகளே இதைக் கொடுக்கிறார்கள். வலியை முழுதும் போக்காது. பல்லைக் கடித்துத் தாண்டிவிடலாம் என்ற அளவுக்குக் கொண்டு வரும். அறையில் காற்றோட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும். கடுங்குளிரில் இந்த இரண்டு வாயுவும் பிரிந்துவிடும், எச்சரிக்கை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இராமநாதபுரத்து வெயிலில் அந்தக் கவலை நமக்கு இல்லை!

இன்னும் சிறியது ஒன்று. பிள்ளை வர வழிவிடக் கீறிய இடத்தில் தையல் போடும்போது, மரக்கும் ஊசி. லிக்னோகெய்ன் என்ற அந்த மருந்தை 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கினார்கள், விலை சொற்பம். அதைப் போட்டு, அது வேலை செய்யும் வரையில் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து தைக்க வேண்டும். "மரக்குமுன்னே தைத்துவிட்டார்கள்" என்று சொல்லும் பெண்களை நாம் கேட்டிருக்கிறோம். இதற்குச் சிறப்பு டாக்டர் வேண்டுமா? கோடி ரூபாய் வேண்டுமா? இரண்டு நிமிடப் பொறுமை வேண்டும்!

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு முன் ஒன்றும் கொடுக்காதே என்று நர்சு சொன்னால், "பாவம், பசிக்கும்" என்று முந்தானைக்குள் மறைத்துக் காப்பி கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். பாசம்தான், ஆனால் பயங்கரம். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். 1946-இல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற டாக்டர், 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு இப்படி நேர்ந்தது என்று கணக்குக் காட்டிய பிறகுதான், அறுவைக்கு முன் வெறும் வயிறு என்ற கட்டுப்பாடு உறுதிப்பட்டது. ஆகவே கொடுத்திருந்தால் திட்டுக்கு அஞ்சாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போன பிரெஞ்சு டாக்டர் ஃபெர்னான் லமாஸ், அங்கே கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே பிரசவத்தைப் பற்றிப் பாடம் சொல்லி, மூச்சுப் பயிற்சி கொடுத்து, அச்சத்தைப் போக்குவதைக் கண்டார். பாரிசுக்குத் திரும்பி, உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். தொழிலாளி வீட்டுப் பெண்களுக்கு முதலில் கிடைத்தது, சீமாட்டிகளுக்கு அல்ல! 1956-இல் போப்பாண்டவரே, இதில் மத விரோதம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். பாடமும் பயிற்சியும் எல்லாருடைய வலியையும் போக்கிவிடும் என்பது மிகை. ஆனால் பக்கத்தில் நம்பிக்கையான ஒருத்தி கைபிடித்து நின்றால் வலி மருந்தின் தேவை குறைகிறது என்பது பல நாடுகளில் பார்த்தறிந்த உண்மை. நமது அரசு மருத்துவமனைகளிலும் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க இடமுண்டு. அந்தத் துணையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதும், "அன்றைக்குத் தெரியவில்லையா இந்த வலி?" என்று நாக்கூசாமல் கேட்பதும் ஒழிய வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் பெண்கள்தான் என்பதுதான் வேதனையிலும் வேதனை.

இந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். தனியார் இடங்களில் 63.8, அரசு இடங்களில் 36. இத்தனைக்கும் பல காரணங்கள் உண்டு, பணமும் அதில் ஒன்று. ஆனால் "வலி தாங்க முடியவில்லை, அறுத்தே எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சுகிற பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வலி குறைய வழி செய்யாமல் விட்டுவிட்டு, பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று மேடையில் பேசுவது எளிது.

நம் கடலைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இராமேசுவரத்துக் கடைகளில் யாத்திரிகர்கள் விலை பேசும் சிப்பிகளில் கூம்பு வடிவச் சங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் பல, மன்னார் வளைகுடாவில் வாழ்கின்றன. உயிரோடிருக்கும்போது நஞ்சு முள்ளை எய்து மீனை வீழ்த்தும். மனிதனையும் கொல்லவல்ல வகைகள் உண்டு. பசிபிக் கடலில் வாழும் அந்த இனத்துச் சங்கு ஒன்றின் நஞ்சிலிருந்து, பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த ஒலிவெரா என்ற அறிவியலாளரின் ஆய்வுக்கூடம் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. அது சிகோனோடைடு என்ற வலி மருந்தாகி, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரசவத்துக்கானதல்ல, புற்றுநோய் போன்றவற்றில் வேறெதற்கும் அடங்காத வலிக்கு, முதுகுத் தண்டு நீரில் செலுத்துவது. நம் கரையோரச் சங்குகளின் நஞ்சையும் இந்திய ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். உலகத்தின் வலியைத் தணிக்கும் சரக்கு இந்தக் கடலடியிலே கிடக்கிறது; இந்தக் கடலோரத்துப் பெண் பிரசவ அறையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்!

ஆகவே சுகாதாரத் துறையை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெறும் மயக்க மருந்து டாக்டர்கள் முறைவைத்துத் தீவுக்கு வரட்டும். பிரசவ அறைக்கு அந்த வாயு உருளை ஒன்று வரட்டும். மரக்கும் ஊசி இல்லாமல் தையல் இல்லை என்று ஓர் உத்தரவு வரட்டும். இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். இராமேசுவரம் அரசு மருத்துவமனை வாயிலில் ஒரு பலகை வைத்து, இன்றிரவு மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, இருந்தால் யார் என்று எழுதட்டும். இரவு 2 மணிக்கு வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு வருகிறவன் அதைப் பார்த்து, இங்கேயே இறக்குவதா, வண்டியைப் பாலத்துக்கு விடுவதா என்று முடிவு செய்துகொள்வான்.